உரியும் உதடுகள்

உதடு வெடித்தால் உடற்சூடு என்பது நமது வீடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் தீர்ப்பு. இளநீர் குடி, வெண்ணெய் பூசு என்பதுடன் விசாரணை முடிந்துவிடும். சில நாட்களில் ஆறிவிடும் வெடிப்புக்கு அது போதும். மாதக்கணக்கில் உரிந்துகொண்டேயிருக்கும் உதட்டுக்கு அது போதாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது ஆசிரியபீடத்தில் பணியாற்றிய இளம்பெண் ஒருவர் செய்தி சேகரிக்க வெளியே செல்வதைத் தவிர்க்கத் தொடங்கினார். காரணம் கேட்டபோது, "கதைக்கேக்க எல்லாரும் என்ர உதட்டைத்தான் பாக்கினம், அண்ணை" என்றார். மஞ்சள் நிறத்தில் தோல் தடித்தெழுவதும், அவர் அதைக் கிள்ளியெடுப்பதும், கீழே சிவந்த சதை தெரிவதும், மீண்டும் தோல் எழுவதுமாக எட்டு மாதங்கள் கழிந்திருந்தன. பாமசியில் தாமாகவே வாங்கிப் பூசிய களிம்புகள் எதுவும் பலன் தரவில்லை.

தோல் நோய் வைத்திய நிபுணர் முதலில் மருந்து எழுதவில்லை, கேள்விகள் கேட்டார். எந்தப் பற்பசை? எந்த உதட்டுச்சாயம்? முகப்பருவுக்கு மாத்திரை உண்டா? உதட்டை நக்கும், கடிக்கும் பழக்கம் உண்டா? ஒவ்வொரு கேள்விக்கும் பொருளுண்டு. பற்பசையிலுள்ள கறுவா, புதினாச் சுவையூட்டிகள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். முகப்பருவுக்கான சில மாத்திரைகள் உதட்டை உலர்த்திவிடும். கடைவாயில் மட்டும் வெடிப்பென்றால் பங்கசுத் தொற்றோ இரும்புச்சத்துக் குறைவோ காரணமாகலாம். இவை எவையும் இல்லையென்று கண்ட பின்னரே, நாட்பட்ட உரியும் உதட்டழற்சி என்ற முடிவுக்கு வைத்தியர்கள் வருகிறார்கள்.

உதட்டின் மேற்றோல் மிக மெல்லியது. நக்கினால், எச்சில் உலரும்போது இருந்த ஈரமும் போய்விடுகிறது. கிள்ளினால், அழற்சி ஆறுவதற்கு முன்னரே புதிய தோல் அவசரமாக வளர்ந்து மறுபடியும் உரிகிறது. மனப்பதற்றம் உள்ளவர்களிடம் இப்பழக்கங்கள் அவர்கள் அறியாமலே நிகழ்கின்றன. ஆகவே கையை விலக்கி வைப்பதே சிகிச்சையின் முதற்படி. அத்துடன் வாசனை சேராத பெற்றோலியம் ஜெலி. வைத்தியர் குறித்த காலத்துக்கு மட்டும் ஸ்டீரொயிட் அல்லது டக்ரோலிமஸ் களிம்பு. தேவையெனில் உளவள ஆலோசனை. குணம் மெதுவாகவே வரும்; நோய் திரும்பவும் கூடும். எமது சகோதரிக்குப் பல மாதங்கள் சென்றன. ஆனால் பெயர் தெரிந்த நோயுடன் வாழ்வது, பெயரற்ற அவமானத்துடன் வாழ்வதைவிட இலகுவாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வயலிலும் கடலிலும் வெயிலில் உழைப்போரின் கீழுதடு உரிந்து வெளிறினால் அது வேறு கதை. வெயிலால் விளையும் அந்தப் பாதிப்பு புற்றுநோயாக மாறக்கூடும். வெற்றிலை, புகையிலைப் பழக்கமுள்ளோரும் விழிப்பாக இருக்கவேண்டும். மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ தடிப்போ இருந்தால் உடற்சூடு என்று ஒதுக்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.