வழிந்த பெற்றோலும் வகுப்புத் தோழரும்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது சிறிது தயங்கினோம். வைத்தியரும் நியாயவாதிகளும் பொறியியலாளரும் எழுதும் ஏட்டில் நாம் எதனை எழுதுவது? கல்லூரியின் வரலாற்றை நன்கறிந்தவர் பலர் உளர். ஆசிரியப் பெருமக்களின் புகழை எடுத்துரைக்க வல்லவரும் உளர். ஆதலின், நாம் நேரிற் கண்டும் கையால் தொட்டும் சற்று வெட்கப்பட்டும் கற்றுக்கொண்ட ஒரு சிறு பாடத்தையே எழுதத் துணிந்தோம். அது ஒரு மோட்டார் சைக்கிளின் கார்புரேற்றரிலிருந்து பெற்றோல் வழிந்த கதை. இயந்திரங்களில் நாட்டமில்லாத அன்பர்களும் இறுதிவரை பொறுத்தருள வேண்டுகிறோம்.

எம் தந்தையார் 1981ஆம் ஆண்டில் வாங்கிய ஜப்பானிய மோட்டார் சைக்கிள் ஒன்று, வெள்ளவத்தையிலுள்ள எமது வீட்டின் பின்புறத்திலே தார்ப்பாயின் கீழ் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. அவர் காலமான பின் அதனை விற்கவும் மனம் வரவில்லை. ஓட்டவும் தேவை வரவில்லை. தேவை 2022இல் வந்தது. அவ்வாண்டு இலங்கை மக்கள் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்க மாட்டார். 2020 மார்ச்சிலேயே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபடியால் புதிய மோட்டார் சைக்கிள் வாங்கவும் வழியில்லை. 2022 ஆகஸ்டில் நாடெங்கும் பங்கீடு நடைமுறைக்கு வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றரே கிடைத்தது. லீற்றர் ஒன்றின் விலை 450 ரூபா. பழையனவற்றையெல்லாம் தூசு தட்டி எடுத்த காலம் அது. நாமும் தார்ப்பாயை நீக்கினோம்.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையிலே பழைய மோட்டார் சைக்கிள்களைத் திருத்துவதில் கைதேர்ந்த ஒருவர் இருக்கிறார் என்று கேள்வியுற்று அங்கே சென்றோம். கராஜின் உள்ளிருந்து எண்ணெய்க் கையோடு எழுந்து வந்தவர் எம்மைச் சற்று உற்று நோக்கிவிட்டு, எமது பெயரைச் சொன்னார். 1983இல் நமது கல்லூரியிலே எம்முடன் ஒரே வாங்கில் அமர்ந்திருந்த தோழர் அவர்! அவ்வாண்டு யூலைக் கலவரத்தில் அவருடைய தந்தையாரின் கடை எரிந்தது. அகதி முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போன குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. சில ஆண்டுகளின் பின் அவர் கொழும்புக்குத் திரும்பியபோது, படிப்பைத் தொடரும் நிலை வீட்டில் இருக்கவில்லை. பதினெட்டு வயதில் ஸ்பானரைக் கையில் எடுத்தவர் இன்றுவரை அதனைக் கீழே வைக்கவில்லை.

கார்புரேற்றரைக் கழற்றி, கழுவி, பஞ்சிகாவத்தையில் வாங்கிய புதிய உறுப்புக்களைப் பூட்டி, நான்கு நாளில் எம்மிடம் தந்தார். தரும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "தாங்கிக்குள் கறள் இருக்கிறது. அதைக் கழுவாமல் ஓட்டாதே, மச்சான்." நாம் தலையசைத்தோம். தலையசைத்ததோடு சரி.

அடுத்த கிழமையே தொல்லை தொடங்கியது. வண்டியை நிறுத்திவைத்தால் கார்புரேற்றரின் அடியிலுள்ள சிறு குழாயால் பெற்றோல் சொட்டியது. ஓரிரவு ஒரு ஜாம் போத்தலை அதன் கீழ் வைத்துப் பார்த்தோம். விடியும்போது கால் லீற்றருக்குக் குறையாமல் நின்றது. கிழமைக்கு 4 லீற்றர் பெறும் ஒருவனுக்கு அது பெரும் நட்டம் அன்றோ? நாம் கோபங்கொண்டு தொலைபேசியில் தோழரை அழைத்தோம். பேச்சு வளர்ந்து, "முறையாகப் படித்த ஒருவரிடம் கொடுத்திருக்க வேண்டும்" என்ற சொல் எம் வாயிலிருந்து வந்துவிட்டது. மறுமுனையிற் சிறிது நேரம் மௌனம். பின்பு, "தாங்கியின் திருகியைப் பூட்டி வை. நெருப்புக் கிட்ட வேண்டாம். நாளைக்கு வருகிறேன்" என்றார்.

மறுநாள் காலை ஒரு சிறு பையோடு பஸ்ஸில் வந்திறங்கினார். எமது கோபத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதலில் நிலத்தைப் பார்த்தார். பெற்றோல் சிந்திய இடத்தில் மணல் அள்ளிப் போடும்வரை கருவியொன்றையும் தொடவில்லை. அவருக்குப் பெற்றோலின் மணம் வேறொன்றையும் நினைவூட்டும் என்பது அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது. அடுத்து எஞ்சின் எண்ணெயின் அளவுகோலை எடுத்து முகர்ந்தார். வழியும் பெற்றோல் சில வேளை வெளியே சொட்டாமல் சிலிந்தருக்குள் இறங்கி எண்ணெயோடு கலந்துவிடும் என்றும், எண்ணெய் அளவுக்கு மிஞ்சி உயர்ந்து பெற்றோல் மணத்தால் அதனை மாற்றாமல் ஓட்டலாகாது என்றும் விளக்கினார். நல்ல காலம், எமது எண்ணெய் பழுதடையவில்லை.

பெற்றோல் ஏன் வழிகிறது என்று கேட்டோம். அவர் எமது குளியலறைப் பக்கம் கைகாட்டினார். "உன் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் ஒரு மிதவைப் பந்து இருக்கிறதல்லவா? தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறிக் குழாயை அடைக்கும். இங்கேயும் அதுதான்." கார்புரேற்றரின் கிண்ணத்துள் ஒரு மிதவையும், அதன் மேல் ஓர் ஊசி வால்வும் உள்ளன. பெற்றோல் உரிய மட்டத்துக்கு ஏறியதும் மிதவை ஊசியை மேலே தள்ளி வாயிலை அடைத்துவிடும். அடைபடாவிட்டால் தாங்கியிலுள்ளது முழுவதும் இறங்கிக்கொண்டேயிருக்கும். எம் தந்தையார் காலத்துக்கு முந்திய ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்களின் அமால் கார்புரேற்றர்களில், குளிர்ந்த எஞ்சினை எழுப்புவதற்காக மிதவையை ஒரு பொத்தானால் அமுக்கி வேண்டுமென்றே பெற்றோலை வழியவிடுவார்கள் என்றும் சொன்னார். அன்று சடங்காக இருந்தது இன்று குற்றமாயிற்று!

பின்னர் அவர் சோதித்த ஒழுங்கினைப் பிறருக்கும் பயன்படும் என எண்ணி இங்கே தருகிறோம்.

முதலாவது, கிண்ணத்தைத் தனியே கழற்றி, ஒரு வெள்ளைத் தாளின் மேல் பிடித்துக்கொண்டு அதில் பெற்றோல் வார்த்தார். கிண்ணத்தின் நடுவே நிற்கும் பித்தளை வழிகுழாயில் மயிர்போன்ற வெடிப்பு இருந்தால், மட்டம் சரியாக இருந்தாலும் பெற்றோல் கசியும். ஊசியைப் பத்து முறை மாற்றினாலும் அது நில்லாது. தாள் நனையவில்லை.

இரண்டாவது, மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்த்து, சுடுநீரில் அமிழ்த்தினார். ஓட்டை இருந்தால் உள்ளிருக்கும் காற்றுச் சூடேறிக் குமிழியாக வெளிவரும். பெற்றோல் புகுந்த மிதவை பாரங்கூடித் தாழ்ந்து போகும், ஊசியை உயர்த்தாது. பித்தளை மிதவைக்கு ஈயம் பற்றவைப்போர் உள்ளே பெற்றோல் ஆவி இருப்பின் வெடிக்கும் என்பதையும், பற்றிய ஈயத்தின் பாரம் மட்டத்தை மாற்றும் என்பதையும் மறக்கலாகாது. எமது மிதவையில் குமிழி வரவில்லை.

மூன்றாவது, ஊசியின் முனையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். தேய்ந்த முனையில் ஒரு வளையத் தழும்பு தெரியும். ஊசி அமரும் இருக்கையைத் துணி சுற்றிய ஈர்க்கினால் மெருகிட்டுத் துடைத்தார். இருக்கை கழற்றக்கூடியதாயின் அதன் ரப்பர் வளையத்தையும் மாற்றவேண்டும். இல்லையேல் ஊசி அடைத்தாலும் பெற்றோல் பக்கத்தால் நழுவும்.

நான்காவது, மிதவையின் உயரம். கார்புரேற்றரைச் சரித்து, மிதவையின் நாக்கு ஊசியின் சிறு வில்லைத் தொட்டும் அமுக்காமலும் நிற்கும் நிலையிலே அளந்தார். அளவு கார்புரேற்றருக்குக் கார்புரேற்றர் வேறுபடும். தயாரித்தோர் கைநூலில் உள்ளதையே கொள்ளவேண்டும். மீளப் பூட்டியபின், கிண்ணத்தின் வடிகால் முனையில் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாயை மாட்டி நிமிர்த்திப் பிடித்து, வடிகால் திருகைத் தளர்த்தினார். உள்ளேயுள்ள மட்டம் குழாயில் அப்படியே தெரிந்தது. அதுவும் சரியாகவே இருந்தது.

அவருடைய வேலையில் ஒரு குறையும் இல்லை. அப்படியாயின் வழிந்தது ஏன்? முதலிற் கழற்றியபோது கிண்ணத்தின் அடியில் இருந்ததைத் தாளில் வடித்து வைத்திருந்தார். அதனை வெயிலிற் காட்டினார். செந்நிறத்தூள்! அவர் எம்மிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "தாங்கித் திருகியின் வலை எங்கே?"

நாம் வாயடைத்து நின்றோம். தாங்கியைக் கழுவாமலே ஓட்டியபோது கறள் அவ்வலையை அடைத்து எஞ்சின் திணறியது. நாம் வலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நன்றாக ஓடுகிறதென்று மகிழ்ந்தோம். வலை தடுத்து வைத்திருந்த கறள் நேரே இறங்கி ஊசிக்கும் இருக்கைக்கும் இடையிற் சிக்கியது. ஒரு மணலளவு துகள் போதும், ஊசி முழுதாய் அடைபடாது. குற்றம் எமது, பழி அவருக்கு.

நாம் மன்னிப்புக் கேட்டபோது, "முதலில் தாங்கியைக் கழற்று" என்றார். பெற்றோலை வடித்து, மண்ணெண்ணெயோடு ஒரு கைப்பிடி சிறு நட்டுக்களை இட்டு இருவரும் மாறி மாறிக் குலுக்கினோம். பின்பு வினாகிரியை நிரப்பி இரு நாள் ஊறவிட்டு, அப்பச்சோடா கரைத்த நீரால் அலசி, வெயிலிற் காயவைத்து, கறள் மீண்டும் பிடியாதபடி உடனே எண்ணெய் பூசினோம். புதிய வலை பூட்டி, குழாயில் ஒரு வடிகட்டியும் இட்டார். அன்றுதொட்டு ஒரு சொட்டும் வழியவில்லை. 2023 செப்டம்பரில் பங்கீடு நீங்கிய பின்பும், இன்றும், எம் தந்தையாரின் வண்டி காலி வீதியில் ஓடுகிறது.

தாங்கியைக் குலுக்கிக்கொண்டிருந்தபோது, இம்மலர் வெளிவரப் போவதையும் சங்கக் கூட்டங்களையும் பற்றிச் சொல்லி, "நீ ஏன் ஒருநாளும் வருவதில்லை?" என்று கேட்டோம். "நான் பரீட்சை எழுதாமற் போனவன். என்னைப் பழைய மாணவன் என்று சேர்ப்பார்களா?" என்றார். தொலைபேசியில் நாம் சொன்ன சொல் எவ்விடத்திற் பட்டிருக்கும் என்பதை அப்போது முழுமையாக உணர்ந்தோம். ஒவ்வொன்றாகப் பார், காரணம் தெரியாமற் பழி சொல்லாதே என்று நமது விஞ்ஞான ஆசிரியர் கற்பித்த பாடத்தை, பட்டம் பெற்ற நாம் மறந்தோம். இடையில் விட்டுப்போனவர் மறக்கவில்லை.

அன்பர்களே! 1983இன் இடாப்பிலே, யூலைக்குப் பின் வரவு குறிக்கப்படாத பெயர்கள் பல உள. அவர்களும் நமது கல்லூரியின் பிள்ளைகளே. இந்த யூபிலி ஆண்டிலே சங்கம் அவ்விடாப்பை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் உரியவர் எங்கே என்று தேடுமாக என்று பணிவுடன் கேட்கிறோம். முதற்பெயரின் முகவரி எம்மிடம் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைத்து வருகிறோம். அவர் பின்னிருக்கையில் அமர்ந்து வருவார்.