மார்க்ஸை எழுதவைத்த திராட்சை மலை!

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் பிரெம் என்றொரு சின்ன ஊர். ஊரை ஒட்டிச் சுவர்போல நிற்கிறது கால்மோன்ட் மலை. சில இடங்களில் சரிவு 65 டிகிரி. ஆடுகூட யோசித்துத்தான் ஏறும். அங்கே திராட்சை பயிரிடுகிறார்கள்!

காரணம் குளிர்தான். இவ்வளவு வடக்கே சமதரையில் கொடியை நட்டால், பழத்தில் இனிப்பு ஏறுவதற்குள் வெயில் காலம் முடிந்துவிடும். தெற்கு பார்த்த சரிவில் வெயில் நேராக விழும். கீழே ஓடும் ஆறும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். மண்ணென்று பார்த்தால் பெரும்பாலும் சிலேட்டுக்கல். ஆமாம், நம் பாட்டிகள் 'அ' எழுதிப் பழகிய அதே கல்! பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொடிக்குக் கொடுக்கிறது. மழையில் உருண்டுபோன கல்லை, கூடையில் சுமந்து மேலே கொண்டுபோய்க் கொட்டுவார்களாம் அந்தக் கால விவசாயிகள்.

இங்கே விளைவது பெரும்பாலும் 'ரீஸ்லிங்' என்ற வெள்ளைத் திராட்சை. மெதுவாகப் பழுப்பதால் இனிப்பும் புளிப்பும் சேர்ந்தே இருக்கும். இனிப்பு ஒயின்கள் பலவற்றில் ஆல்கஹால் 8 சதவிகிதம்தான். (அதற்காக, 'மது உடல்நலத்துக்குக் கேடு' என்ற வரி மாறிவிடாது!)

இங்கே ஒயினைத் தொடங்கிவைத்தவர்கள் ரோமானியர்கள். பீப்பாய்கள் ஏற்றிய படகைச் செதுக்கிய ரோமானியக் கல்லறைச் சிற்பம் ஒன்று ட்ரியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1787-ல் அந்தப் பகுதியை ஆண்ட பேராயர், மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல ரகம் நடச் சொல்லி உத்தரவிட, ரீஸ்லிங் பரவியது.

அதே ட்ரியரில் 1818-ல் பிறந்தவர்தான் கார்ல் மார்க்ஸ். அப்போது மோசல், பிரஷ்யாவின் கையில் இருந்தது. வெளி ஒயினுக்கு வரி இருந்தவரை விவசாயிகளுக்கு நல்ல விலை. அதை நம்பிக் கொடிகளைப் பெருக்கினார்கள். பிறகு சுங்க ஒப்பந்தங்கள் வந்தன. தெற்கிலிருந்து மலிவான ஒயின் இறங்கியது. விலை சரிந்து கடன் ஏறியது.

இந்தத் துயரத்தை எழுதிய கொலோன் நகரப் பத்திரிகையின் நிருபரிடம், 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டார் மாகாணத்தின் உயரதிகாரி. நிருபருக்காக 1843 ஜனவரியில் பதில் எழுதினார் பத்திரிகை ஆசிரியர் மார்க்ஸ். வயது 24! அந்த வசந்தத்தில் பத்திரிகையே மூடப்பட்டது. மார்க்ஸ் பொருளாதாரத்தின் பக்கம் திரும்ப மோசல் விவசாயிகளும் ஒரு காரணம் என்று பின்னாளில் எழுதினார் எங்கெல்ஸ்.

இன்றும் கணக்கு இடிக்கத்தான் செய்கிறது. செங்குத்துச் சரிவில் டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் குட்டி வண்டி, ஆளையும் கூடையையும் மேலே ஏற்றும். அவ்வளவுதான். மற்றது பெரும்பாலும் கைவேலை. 1990 வாக்கில் 12,000 ஹெக்டேரைத் தாண்டியிருந்த தோட்டங்கள் இப்போது 9,000-க்கும் கீழே.

போதாக்குறைக்கு, குளிரும் போக்குக் காட்டுகிறது. 'ஐஸ் ஒயின்' செய்ய, பழம் கொடியிலேயே உறைய வேண்டும். மைனஸ் 7 டிகிரியாவது தேவை. விடியும் முன் பறித்து, உறைந்தபடியே பிழிவார்கள். 2019 விளைச்சலுக்காகக் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தார்கள். மோசலில் மட்டுமல்ல, ஜெர்மனியின் எந்த ஒயின் வட்டாரத்திலும் அந்தக் குளிர் வரவே இல்லை.