உமணர் வண்டியும் மோரிஸ் மைனரும்

ரந்தாவில் குடியிருக்கும் என் தங்கை மகன், 1959ஆம் வருஷத்து மோரிஸ் மைனர் ஒன்றைப் பிரியத்தோடு வாங்கி, துருவைச் சுரண்டி, சாயம் பூசி, மெத்தையும் புதிதாகத் தைத்துவிட்டபின், பின் அச்சு விஷயத்தில் மட்டும் ஒரு முடிவுக்கு வர மாட்டாமல் என்னிடம் வந்தான். "ஹைவேல ஏறுனா எஞ்சின் கதறுது மாமா, பக்கத்துல உக்காந்தவங்க பேசுறதே கேக்கல" என்பது அவனுடைய குறை. ஜப்பானியக் கார் ஒன்றின் அச்சை ஹாஃப்-கட் கடையில் முழுசாக வாங்கி, வெட்டி ஒட்டிப் பொருத்தித் தருவதாகப் பட்டறைக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். அந்நிய அச்சு வந்தால் அகலம் பொருந்தாது. ஸ்பிரிங் தாங்கி, பிரேக் குழாய், புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாகக் கை வைக்க நேரும். அச்சின் விலையைவிட அதைச் சார்ந்த செலவே பெரிதாகிவிடும்.

அலெக் இஸிகோனிஸ் உருவாக்கி 1948இல் வெளிவந்த இந்த வண்டிக்கு, அதைச் செய்தவர்களே காலக்கிரமத்தில் அச்சின் விகிதத்தை மாற்றிக்கொண்டு வந்தார்கள். 803 சி.சி. எஞ்சினோடு வந்த டிஃபரன்ஷியலில், பினியனின் 7 பற்களுக்குக் கிரவுன் வீலில் 37 பற்கள். 1956இல் வந்த 948 சி.சி. வண்டியில் 9க்கு 41. 1962இல் எஞ்சின் 1098 சி.சி. ஆனபோது 9க்கு 38. எஞ்சினுக்குப் பலம் கூடக்கூட, சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு அது சுழல வேண்டிய தடவைகளைக் குறைத்திருக்கிறார்கள். இந்தக் கடைசி டிஃபரன்ஷியல் பழைய அச்சுக் கூட்டிலேயே மாற்றமின்றி உட்காரும். பற்கள் தேயாத ஒன்று, ஒரு கேஸ்கெட், கியர் எண்ணெய், பட்டறையில் ஒருநாள் கூலி, இவ்வளவே செலவு. அதே எஞ்சின் ஓட்டத்தில் சுமார் எட்டு விழுக்காடு வேகம் கூடும். ஸ்பீடோமீட்டர் மட்டும் உள்ளதைக் குறைத்துக் காட்டுமாதலால் அதையும் சீர்செய்துகொள்ள வேண்டும். ஸ்பிரைட், மிட்ஜெட் கார்களின் 3.9 விகிதம் இன்னும் விரைவானதுதான். ஆனால் 948 சி.சி. எஞ்சினை அதோடு பூட்டிப் பழைய புக்கிட் புத்துஸ் வளைவுகளில் ஏற்றுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

வேகத்துக்குக் கொடுப்பதை ஏற்றத்திலிருந்துதான் எடுக்க முடியும். என் பால்யத்தில், பஹாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் டிரஸ்ஸரையாவிடம் ஒரு மைனர் இருந்தது. லயத்துக்கும் பெரிய சடக்குக்கும் நடுவேயிருந்த செம்மண் மேடு மழையில் குழம்பாகி லாரிகளே சறுக்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், பிரசவ வேதனைப்பட்ட பெண்ணைப் பின் சீட்டில் சாய்த்து, துணைக்கு இருவரையும் ஏற்றிக்கொண்டு, கண்ணாடிவரை சேறு தெறிக்க, முதல் கியரில் முனகியபடியே அந்தச் சிறிய காடி மேடேறிக் கோலா பிலா ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பால் மரங்களின் அடியில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். அன்று அந்த மேட்டை ஏறவைத்தது அந்த மெதுவான அச்சுத்தான்.

அச்சைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் புறநானூற்றின் 102ஆம் பாட்டு எனக்கு நினைவுக்கு வரும். உப்பு வாணிகராகிய உமணர் பிரயாணம் புறப்படுகிறார்கள். எருதுகளோ இளையவை, நுகத்தடி பழகாதவை, வண்டியிலோ பெரும்பாரம், பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் எங்கே என்ன நேருமென்று யாருக்குத் தெரியும்? ஆகவே வண்டியின் அடிமரத்தில் வேறோர் அச்சையும் சேமமாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார் ஔவையார். அதே பாட்டில் அவனை முழுமதிக்கும் ஒப்பிட்டிருக்கிறார். எனினும், மதியை எந்தப் புலவரும் தந்துவிடுவார், வண்டியின் அடியில் ஒருவர் கண்ணிலும் படாமல் ஆபத்துக்கென்று காத்துக் கிடக்கும் அந்த மரத்துண்டைத் தருவதற்கு, உமணர் வண்டி கட்டுவதை அருகிலிருந்து குனிந்து பார்த்த ஒருவரால்தான் முடியும். ஓர் அரசகுமாரனுக்கு இதைவிட உயர்ந்த புகழுரை எனக்குத் தெரியவில்லை.

தங்கை மகனுக்கு நான் சொன்னது 9க்கு 38 உள்ள டிஃபரன்ஷியல். கிரவுன் வீலும் பினியனும் ஒன்றுக்கொன்று ஜோடியாகவே இழைத்துப் பொருத்தப்பட்டவையாதலால், இரண்டையும் ஒரே கூட்டோடு வாங்க வேண்டும். வேறு வேறு இடத்தில் வாங்கிச் சேர்த்தால் ஊளைச் சத்தம் ஒருநாளும் ஓயாது. இன்னொன்று, பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்குமே: கழற்றிய பழைய டிஃபரன்ஷியலை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாமல், எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள்.