தேதிச்சீட்டு

ஆனையூரிலிருந்து பேருந்தேறிக் கோரிப்பாளையத்தில் இறங்கினால் அமெரிக்கன் கல்லூரி. அதன் நூலகம் டேனியல் பூவரின் பெயரைத் தாங்கியது. 1816இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மதுரையிலும் பள்ளிகள் பல திறந்தவர் அவர்.

மாணவப் பருவத்தில் நாங்கள் முதலில் பார்த்தது நூலின் தலைப்பையன்று. உள்ளே ஒட்டிய தேதிச்சீட்டை. முத்திரைகள் நெருங்கியிருந்தால் பாடநூல். ஒன்றிரண்டே இருந்தால் இலக்கியம். நெடுங்காலம் எவரும் எடுக்காத நூல்களைக் கழித்துவிடுவது நூலகங்களில் வழக்கம் என்றறிந்தபின், ஆளுக்கொன்றாய் அத்தகையவற்றை இரவல் பெறலானோம். காப்பாற்றவே எடுத்தோம், படித்ததோ பாதியைத்தான். அப்பாதியே எங்களை வாசகராக்கியது.

இன்று பல நூலகங்களில் இரவல் கணக்கு கணினிக்குப் போய்விட்டது. முத்திரை விழும் ஓசை இல்லை. எனினும், எவரும் எடுக்காத நூல் ஒன்று எங்கும் காத்திருக்கிறது. அடுத்த முறை அதையும் எடுத்து வாருங்கள், நண்பர்களே.