ஓர் ஆலயத்தின் கணக்கேடு

ஞாயிறு பூசைக்குப் பின் பங்குக் கணக்கு வாசிக்கப்படும்போது வாசலை நோக்கி நகரும் கால்களை நாம் அறிவோம். நமக்குமே அது பல்லாண்டுகள் சலிப்பூட்டும் கடமையாக இருந்தது. ஈமன் டஃபி என்னும் வரலாற்றாசிரியர் 2001-இல் வெளியிட்ட நூலொன்று நம் எண்ணத்தை மாற்றியது.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் தென்விளிம்பில் மோர்பாத் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள புனித ஜார்ஜியார் ஆலயம் இடைக்காலத்தில் எழுந்தது. பதினாறாம் நூற்றாண்டில், ஆடு வளர்த்துப் பிழைத்த 33 குடும்பங்களே அப்பங்கு. 1520 முதல் 1574 வரை கிறிஸ்தோபர் டிரிக்கி என்னும் ஒரே குருவானவர் அவர்களை மேய்த்தார். ஆலயக் கணக்கைத் தம் கையாலேயே எழுதி, மக்கள் முன் வாசித்தார். புனிதர்களின் பெயரால் ஆடுகள் வளர்க்கப்பட்டன. இளைஞருக்கும் கன்னியருக்கும் தனித்தனி நிதி இருந்தது.

இறந்தோர் பூசைக்குக் கறுப்புத் திருவுடை வாங்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். 1547-இல் உடை வந்தது. அதே ஆண்டில் ஆறாம் எட்வர்டு அரியணை ஏற, பழைய வழிபாடுகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. 1549-இல் இலத்தீன் பூசைக்குப் பதிலாக ஆங்கில வழிபாட்டு நூல் சுமத்தப்பட்டபோது மேற்குப் பகுதி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மோர்பாத்தும் ஐந்து இளைஞரைச் செலவுக்குப் பணம் தந்து, எக்ஸிட்டர் நகருக்கு அருகிருந்த கிளர்ச்சியாளர் பாளையத்திற்கு அனுப்பியது. அச்செலவும் ஏட்டில் பதிவாயிற்று. கிளர்ச்சியோ இரத்தத்தில் ஒடுக்கப்பட்டது.

1553-இல் மேரி அரசியானதும், வீடுகளில் மறைத்து வைத்திருந்த பொருள்களை மக்கள் ஆலயத்திற்குத் திரும்பக் கொணர்ந்தனர். 1558-இல் எலிசபெத் வந்தார். மீண்டும் எல்லாம் மாறிற்று. குருவானவர் மட்டும் அகலவில்லை. புதிய முறையையே நடத்தி, அவ்வூரிலேயே 1574-இல் மரித்தார். இன்று அது ஆங்கிலிக்கன் ஆலயம்.

அவரைக் கோழை என்பதா? 1535-இல் தலையைக் கொடுத்த ஆயர் புனித ஜான் ஃபிஷரின் வழியே நம் வழி, அதில் ஐயமில்லை. ஆயினும், தாம் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகளை விட்டுப் போக மாட்டாத அந்த முதியவர்மேல் கல்லெறிய நமக்குக் கை எழவில்லை. சில ஆண்டுகளுக்கொரு முறை பெட்டி கட்டும் நாம், ஐம்பத்து நான்கு ஆண்டுப் பாசத்தை எந்த அளவுகோலால் அளப்போம்? தீர்ப்பை ஆண்டவரிடம் விட்டுவிடுகிறோம்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, அரசர்கள் வந்தார்கள், போனார்கள். ஓர் ஏழைப் பங்கு எதை நேசித்தது என்பதற்கு அக்கணக்கேடே சாட்சியாய் நிற்கிறது. அடுத்த முறை நாம் கணக்கு வாசிக்கையில் சற்றுப் பொறுத்திருங்கள். அதில் உங்கள் பாட்டி கோழி விற்றுக் கொடுத்த காணிக்கையும் எழுதப்பட்டிருக்கலாம்.