மொட்டை மாடியில் ஒரு மங்கல் ஒளி

ஐரோலியில் இருந்துகொண்டு விண்மீன் பார்க்கிறேன் என்றால் நண்பர்கள் நகைக்கின்றனர். நகைப்பதில் குற்றமில்லை. வடக்கே தாணே நகரின் விளக்குகளும், மேற்கே கழிமுகத்துக்கு அப்பால் முலுண்டின் விளக்குகளும் சேர்ந்து எங்கள் வானத்தை வெளிறடித்து விடுகின்றன.

சங்கரன்கோவில் பக்கத்துக் களத்துமேட்டில் படுத்தபடி எனக்குக் கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டித் தந்தவர் என் தந்தையார். அன்னையார் மறைந்தபின் அவரை இங்கே அழைத்து வந்தேன். முதுமையில் அவருடைய இரு கண்களிலும் விழித்திரையின் நடுப்பகுதி பழுதுற்றுவிட்டது. நேரே நோக்கினால் என் முகமே அவருக்குத் தெரியாது. ஓரப் பார்வை மட்டும் எஞ்சியிருக்கிறது. வந்த முதல் இரவே, "இந்த ஊர்ல மீன் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். நான் வாயடைத்து நின்றேன்.

அவ்வாண்டு தசரா போனஸில் ஆறங்குல ஆடி கொண்ட பழைய தொலைநோக்கி ஒன்றை வாங்கினேன். அது குளிர்சாதனப் பெட்டிக்கென்று ஒதுக்கிய பணம். இல்லாள் இரண்டு நாள் பேசவில்லை.

கார்த்திகை அமாவாசையன்று ஆண்ட்ரோமெடா மண்டலத்தைக் குறிவைத்தேன். 1888இல் இங்கிலாந்தில் ஐசக் ராபர்ட்ஸ் என்பவர் இருபதங்குல ஆடியைக் கொண்டு இதனைப் படம்பிடித்து, அதன் சுருள் வடிவை உலகுக்குக் காட்டினார். அவரும் தொழில்முறை வானியலார் அல்லர், கட்டட ஒப்பந்தக்காரர். புதிதாக உருவாகும் ஒரு சூரியக் குடும்பம் என்றே அவர் அதனைக் கருதினார். நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி மண்டலம் அது என்பதை 1923இல் எடுத்த படங்களைக் கொண்டே ஹபிள் நிறுவினார்.

பூமி சுழல்வதால் மணிக்குப் பதினைந்து பாகை விண்மீன்கள் நகர்கின்றன. தொலைநோக்கியைத் தாங்கும் மோட்டார் அதற்கு ஈடாகத் திரும்ப வேண்டும். முப்பது வினாடிக்கு ஒன்றாக இருநூறு படங்கள் எடுத்தேன். அதற்கு மேல் ஒரே படத்தில் ஒளியைச் சேர்க்க முயன்றால் நகர வெளிச்சமே படம் முழுவதையும் விழுங்கிவிடும். விமானம் குறுக்கிட்டும், மாடியில் பிள்ளைகள் ஓடியும் சில பாழாயின. மற்றவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டேன். தாறுமாறான புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறுவதால் ஏறத்தாழப் பதினான்கில் ஒரு பங்காகத் தேய்ந்தன. மண்டலமோ இடம் மாறாமல் நின்றது. விடியுமுன் திரையில் முட்டை வடிவில் ஒரு மங்கல் ஒளி எழுந்தது. இருபத்தைந்து லட்சம் ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி! முழு மண்டலமும் என் தொலைநோக்கியின் பார்வைக்குள் அடங்கவில்லை. நடுப்பகுதி மட்டுமே அகப்பட்டது.

தொலைநோக்கியில் மங்கலான பொருள்களைக் காண ஓர் உபாயம் உண்டு. பொருளை நேரே நோக்காமல் சற்று ஒதுங்கி நோக்க வேண்டும். மெல்லொளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவே இல்லாமல் சுற்றிலும் மிகுந்திருப்பதே காரணம். எனக்கு அது பழக ஒரு மாதம் ஆயிற்று.

காலையில் தந்தையாரைத் திரை முன் அமர்த்தினேன். அவர் வழக்கம்போல் முகத்தைச் சாளரத்தின் பக்கம் திருப்பினார். சிறிது நேரம் பேச்சில்லை.

"ஓரத்துல வெள்ளையா என்னமோ கிடக்கு. நடுவுல வெளிச்சம் சாஸ்தியோ?"

"ஆமாம் அப்பா."

"பாதிதான் இருக்குது போல. அடுத்த அமாவாசை என்னைக்கு?"

நாட்காட்டியை எடுக்க இல்லாள் எனக்கு முன்னே எழுந்து சென்றாள்.