வேப்பம்பூ யாருக்காகவும் காத்திருக்காது

சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ராகு காலம் இருக்கும், எமகண்டம் இருக்கும், சுபமுகூர்த்தம் இருக்கும். வாசல் வேம்பு என்றைக்குப் பூ உதிர்க்கும், கொல்லைப் பவழமல்லி என்றைக்கு மணக்கத் தொடங்கும் என்பதெல்லாம் இருக்காது. அந்தக் கணக்கு வீட்டில் யாராவது ஒருவர் மனதில்தான் இருக்கும். பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்மணி மனதில்.

மயிலாடுதுறைப் பக்கத்தில் ஒரு வீட்டில் அந்தக் கணக்கு மாமியாரிடம் இருந்தது. மருமகள் பள்ளிக்கூட ஆசிரியை. காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மரத்தை அண்ணாந்து பார்க்க நேரம் ஏது? பங்குனியில் ஒருநாள் ரசத்தில் வேப்பம்பூ மிதக்கும். சித்திரையில் மொட்டை மாடியில் வடாம் காயும். தையில் கூடை நிறைய அவரைக்காய் சமையலறைக்கு வந்துவிடும். எல்லாம் தானாக நடக்கிறது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஓர் ஐப்பசி மழையில் மாமியார் காலமானார். அந்த ஒரு வருடம் வீட்டில் பண்டிகை கிடையாது. பொங்கல் இல்லை, வருஷப் பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடி இல்லை, வடாமும் பிழியவில்லை. வேம்பு மட்டும் வழக்கம்போலப் பூத்தது, உதிர்ந்தது. வாசல் பெருக்கும்போது பூவும் குப்பையோடு போனது.

அதற்கு அடுத்த பங்குனியில் ரசம் வைக்க டப்பாவைத் திறந்தால், அடியில் ஒரு ஸ்பூன்கூடத் தேறவில்லை. அதே வாரம் சென்னையிலிருந்து நாத்தனாரின் போன். "அண்ணி, அம்மா வருஷா வருஷம் வேப்பம்பூ அனுப்புவாங்க. இப்போ கடையில வாங்கினேன். ஒரே காம்பும் மண்ணுமா இருக்கு." கேட்கவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல் சொன்ன குரல் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மரத்தடியில் வேட்டியை விரிக்கப் போன மருமகளைத் திண்ணையிலிருந்து மாமனார் தடுத்தார். "உங்க அத்தை முதல் நாள் ராத்திரியே விரிச்சிடுவாம்மா. விடிஞ்சப்புறம் விரிச்சா பாதிப் பூ தரைக்குப் போயிடும்."

ஐம்பது வருடம் கூடவே இருந்து பார்த்தவர். தானாக ஒருநாளும் விரித்ததில்லை. ஆனால் எல்லாம் ஞாபகம் இருந்தது.

மறுநாள் இரவு மரத்தடியைப் பெருக்கி, பழைய பருத்தி வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார்கள். விடியற்காலையில் வேட்டி முழுக்க வெள்ளைப் பொடியாகப் பூ. வாயில் போட்டால் கசப்பு. வாசனையோ தேன் மாதிரி. முறத்தில் புடைத்துக் காம்பும் தூசியும் நீக்கி, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவைத்தார்கள். பழுப்பாகிச் சுருங்கி, அத்தனை பூவும் ஒரு சின்ன பாட்டிலுக்குள் அடங்கிவிட்டது. இப்படியே இன்னும் சில இரவுகள் விரித்ததில், சென்னைக்கு ஒரு பங்கும் தேறியது. அன்றைய ரசத்தில், இறக்குவதற்கு முன் நெய்யில் கருகவிடாமல் பொரித்துப் போட்டார் மருமகள். மாமனார் இரண்டாவது தடவை ரசம் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

சித்திரையில் வடாம். கூழ் கிளறுவதிலிருந்து அச்சில் பிழிவது வரை பெரியவர்கள் வேலை. காக்கை விரட்டுவது பேரன் வேலை. கறுப்புக் குடையை விரித்து வைத்துவிட்டு அவன் நிழலில் உட்கார்ந்து, பாதி காய்ந்த வடாமை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்றான். மேலே மொறுமொறுப்பு, உள்ளே கொழகொழப்பு. அந்த ருசி அன்று சாயங்காலம் வரைதான் இருக்கும். எந்தக் கடையிலும் அதை விற்க முடியாது.

ஆடி பிறந்ததும்தான் உண்மையான கவலை வந்தது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். விதைக்க விதை வேண்டுமே? அந்த வீட்டு அவரை, மாமியார் கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. ஊதா விளிம்பு வைத்த பட்டைக் காய். வருடா வருடம் சில காய்களைக் கொடியிலேயே முற்றவிட்டு விதை எடுத்து வைப்பார். அவர் போன பிறகு வந்த தையில், கொடியில் இருந்ததையெல்லாம் பறித்துச் சமைத்துவிட்டார்கள். விதைக்கு விட யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த ஆடியில் விதைக்கவும் இல்லை.

பரணில் தேடியதில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கிடைத்தது. சாம்பல் கலந்து, பதினொரு விதைகள். இரண்டரை வருடத்துக்கு முந்தையவை. இவை முளைக்காவிட்டால் அந்த அவரை அந்த வீட்டில் அதோடு முடிந்தது.

ராத்திரி ஊறவைத்துக் காலையில் ஊன்றினார்கள். ஒரு வாரத்தில் நாலு முளைத்தன. மற்ற ஏழும் மண்ணோடு போயின.

நாலும் கொட்டகைக் கூரையில் ஏறிப் படர்ந்தன. ஆவணி, புரட்டாசி என்று மாதம் போனதே தவிர, கொடியும் இலையும்தான். ஒரு பூ இல்லை. "வெட்டிப் போடுங்க டீச்சர், இது மலட்டுக் கொடி" என்றார் பள்ளிக்கூடத்தில் ஒருவர். மலடு இல்லை. நம் பழைய பந்தல் அவரை, பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் பூக்கும். சீக்கிரம் விதைத்தாலும், கூடுதலாக உரம் வைத்தாலும் அது அவசரப்படாது. இப்போது வந்திருக்கும் குத்து அவரை ரகங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. வருடம் முழுக்கக் காய்க்கும். சௌகரியம்தான். ஆனால் எப்போதும் கிடைக்கிற காயை யாரும் வாசலில் நின்று எதிர்பார்ப்பதில்லை.

ஐப்பசியில் மாமியாரின் திதி வந்தது. முதல் நாள் இரவெல்லாம் மழை. விடியலில் பவழமல்லி மரத்தடி முழுக்க வெள்ளைப் பூவும் செம்மஞ்சள் காம்புமாக இருந்தது. தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது என்பார்கள். பவழமல்லிக்கு மட்டும் விதிவிலக்கு. அது தானே உதிர்ந்தால்தான் உண்டு. பேரன் ஒரு தட்டு நிறையப் பொறுக்கி வந்து பாட்டியின் படத்துக்கு முன்னால் வைத்தான். காம்பின் நிறம் அவன் விரல்களில் ஒட்டியிருந்தது.

கார்த்திகைக் கடைசியில் அவரை பூத்தது. மார்கழி வாசலில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பரங்கிப்பூ. அதிலும் ஒரு கணக்கு உண்டு. பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ, தொடக் கூடாது. நீளக் காம்பில் தனியாக நிற்கிற ஆண் பூவைத்தான் பறிக்க வேண்டும். விடியலில் விரியும் அந்தப் பூ மதியத்துக்குள் வாடிவிடும். பார்க்கிறவர்கள் காலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பொங்கலுக்கு நாத்தனார் குடும்பத்தோடு வந்தார். கொட்டகை மேலே ஊதா விளிம்புக் காய்களைப் பார்த்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பொங்கல் குழம்புக்குப் பறிக்கும்போது, கீழ்ப்பக்கம் இருந்த பத்துப் பன்னிரண்டு காய்களில் மருமகள் சிவப்பு நூல் கட்டினார். அவை பறிப்பதற்கு இல்லை; முற்றி விதையாவதற்கு. அதில் ஒரு பங்கு, சென்னை பால்கனித் தொட்டிக்கும் போகும். கொஞ்சம் வெயில் விழுகிற இடமும் ஏறுவதற்கு ஒரு கம்பியும் இருந்தால் அவரைக்குப் போதும்.

வேப்பம்பூவுக்கும் சொந்தமாகத் தோட்டம் வேண்டும் என்பதில்லை. நாத்தனார் குடியிருக்கும் தெருமுனையிலேயே ஒரு வேம்பு நிற்கிறதாம். பத்து வருடமாக அதன் நிழலில் காரை நிறுத்துகிறார்; பூத்ததைப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பேரன், அம்மாவின் செல்போனை எடுத்து நினைவூட்டல் பதிந்தான்: 'பங்குனி 10, வேட்டி விரிக்கணும்.'

மாமனார் சிரித்தார். "மரம் போனைப் பார்த்தாடா பூக்கும்? மாசி முடியறப்போ தினம் ஒரு தடவை அண்ணாந்து பாரு. அது போதும்."